மினரல் சன்ஸ்கிரீன் போட்டால் முகம் வெளுக்கிறதா? இப்படிப் பூசிப் பாருங்கள்

மினரல் சன்ஸ்கிரீனில் இருப்பது ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைத் தூள்கள். இவை க்ரீமில் கரைவதில்லை. புற ஊதாக் கதிர்களைத் தடுப்பதோடு சாதாரண வெளிச்சத்தையும் சிதறடிப்பதால், மாநிறத்திலும் கறுப்பிலும் சாம்பல் பூத்தாற்போலத் தெரிகிறது. இரண்டில் டைட்டானியம்தான் அதிகம் வெளுக்கும்.

அதற்காக அளவைக் குறைக்கவே கூடாது. சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்துத்தான் எஸ்பிஎஃப் (வெயிலிலிருந்து எவ்வளவு காக்கும் என்ற அளவு) எண்ணைத் தருகிறார்கள். குறைத்தால் சென்னை வெயிலுக்குத் தாங்காது. மாய்ஸ்சரைசரில் குழைத்துப் பூசினாலும் இதே கதிதான்.

வாங்கும்போதே 'டின்டட்', அதாவது தோல் நிறம் கலந்த வகையைப் பாருங்கள். அதிலுள்ள அயர்ன் ஆக்சைடு வெள்ளையை மறைக்கும். மங்கு இருப்பவர்களுக்குக் கூடுதல் பாதுகாப்பும் தரும். தாடையோரம் கொஞ்சம் தடவி, கடை வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப்லைட்டில் நிறம் சரியாகத் தெரியாது.

முகம் கழுவி, மெல்லிய மாய்ஸ்சரைசர் தடவி, ஃபேனுக்கு அடியில் ஐந்து நிமிடம் இருங்கள். இங்குள்ள புழுக்கத்தில் பலரும் தவறவிடுவது இந்த இடம்தான். வியர்வை ஈரத்தின் மேல் பூசினால் க்ரீம் ஒட்டாமல் கோடு கோடாகப் பிரியும்.

பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். தூள் அடியில் தங்கியிருக்கும். முகத்துக்கும் கழுத்துக்கும் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கு எடுக்க வேண்டும். அதை ஒரே தடவையில் அப்பாதீர்கள். முதலில் ஒரு விரல் அளவைப் புள்ளி புள்ளியாக வைத்து, ஒரே திசையில் இழுத்து, விரல் நுனியால் ஒற்றுங்கள். மூன்று நிமிடம் கழித்து மீதியைப் பூசுங்கள். முன்னும் பின்னும் தேய்த்துக்கொண்டே இருந்தால் திரிதிரியாக உருண்டு வரும். அப்படி வந்தால் மாய்ஸ்சரைசர் காயவில்லை, அல்லது இரண்டு க்ரீமும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம்.

புருவம், முடியோரம், தாடியில் தங்கும் வெள்ளையை ஈரப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். வெளியில் வியர்த்தால் கைக்குட்டையால் ஒற்றுங்கள், துடைக்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும்.

இரவில் வெறும் தண்ணீரில் கழுவினால் போகாது. முதலில் மேக்கப் கலைக்கப் பயன்படும் க்ளென்சிங் ஆயிலோ மைசெல்லார் வாட்டரோ, பிறகு ஃபேஸ்வாஷ். ரவிக்கைக் கழுத்தில் படிந்த வெள்ளைக்குப் பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு விட்டுக் கசக்கி, பிறகு துவைக்கப் போடுங்கள்.