கோர்ஸ் சேர்றதுக்கு முன்னாடி: அந்த கவுன்சிலிங் ரூம்ல இருந்து பணம் கட்டாம வெளிய வர்றது எப்படி

நான் சென்னைல ஒரு சாஃப்ட்வேர் ட்ரெய்னிங் இன்ஸ்டிட்யூட்ல எட்டு மாசம் கவுன்சிலரா இருந்தேன், பேர் வேணாம். எல்லாரும் மேம்னு கூப்பிடுவாங்க, எனக்கே அப்ப 23 வயசு, ஜாவாவும் தெரியாது பைத்தானும் தெரியாது. தெரிஞ்சது ஒண்ணுதான், மாசத்துக்கு இத்தனை அட்மிஷன் போட்டா இன்சென்டிவ், போடலன்னா திங்கக்கிழமை மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் எழுந்து நிக்கணும். போன வாரம் எங்க சித்தி பையன் "டேட்டா சயின்ஸ் சேரலாம்னு இருக்கேன்க்கா, இன்னைக்குள்ள கட்டினா பாதி ஃபீஸாம்"னு மெசேஜ் போட்டான். அவனுக்கு வாய்ஸ் நோட்ல சொன்னதைத்தான் இங்க கொஞ்சம் விரிவா எழுதுறேன். எல்லா இன்ஸ்டிட்யூட்டும் மோசம்னு சொல்ல வரல, நல்லா சொல்லிக் குடுக்குற இடமும் இருக்கு, ஆனா நல்ல இடமா கெட்ட இடமான்னு கண்டுபிடிக்க உங்களுக்கு ஒரு ராத்திரி டைம் வேணும், அந்த ஒரு ராத்திரிய குடுக்காம இருக்குறதுதான் எங்க வேலையே.

முதல்ல உங்க நம்பர் எப்படி அவங்ககிட்ட போச்சுன்னு பாருங்க. பாதி பேர் கோர்ஸ் தேடியிருக்கவே மாட்டீங்க, வேலை தேடியிருப்பீங்க. ஜாப் சைட்லயோ டெலிகிராம் குரூப்லயோ "ஃப்ரெஷர்ஸ் தேவை, வேளச்சேரி, உடனே ஜாயினிங்"னு ஒரு விளம்பரம், ரெஸ்யூம் அனுப்புறீங்க, ஹெச்ஆர்னு ஒருத்தர் பேசுறாங்க, நேர்ல வரச் சொல்லி ஒரு ஆப்டிட்யூட் டெஸ்ட் வேற வைப்பாங்க. கடைசில "செலக்ட் ஆயிட்டீங்க, ஆனா ப்ராஜெக்ட்ல போடணும்னா மூணு மாசம் ட்ரெய்னிங் முடிக்கணும், அதுக்கு மட்டும் ஒரு சின்ன அமௌன்ட்". அந்த டெஸ்ட்ல ஃபெயில் ஆனவங்கள நான் எட்டு மாசத்துல பார்த்ததே இல்ல. இன்டர்வியூக்கு கூப்பிட்டவங்க காசு கேட்டாங்கன்னா அது இன்டர்வியூ இல்ல, எழுந்து வந்துடுங்க. அதுக்கு முன்னாடி, போன்லயே "இது வேலைக்கா கோர்ஸுக்கா, நான் ஏதாவது கட்டணுமா"ன்னு கேட்டு பதிலை வாட்ஸ்அப்ல டைப் பண்ணி அனுப்பச் சொல்லுங்க. டைப் பண்ண மாட்டாங்க, நேர்ல வாங்க பேசிக்கலாம்னு தான் சொல்லுவாங்க, அதுவே பதில்.

இப்ப நாங்க கவுன்சிலருங்க எல்லாரும் வச்சிருக்கற ஷீட்ட பத்தி சொல்லணும். ஒரு எக்செல் ஷீட், பேரு, நம்பரு, காலேஜ், பாஸ்அவுட் வருஷம், கடைசில ரிமார்க்ஸ்னு ஒரு கட்டம். மத்ததெல்லாம் சும்மா, எல்லாரும் பார்க்கறது அந்த ரிமார்க்ஸ் தான். போன் எடுக்கலன்னா "டிஎன்பி". எடுத்து பேசிட்டா "ரெண்டு வருஷம் கேப், ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் வேலைல", "அப்பா டெய்லர், தங்கச்சி காலேஜ், வீட்ல ப்ரெஷர்" இப்படி. ஒரு தடவ "அம்மா நகை வைப்பாங்க"ன்னு எழுதியிருந்துச்சு, அது என் கையால டைப் பண்ணது, இன்னும் மறக்கல. நீங்க அக்கறையா விசாரிக்கிறாங்கன்னு நினைச்சு சொன்ன ஒவ்வொண்ணும் அங்க போய் உக்காந்துக்கும், மறுநாள் இன்னொருத்தர் கால் பண்ணி "இன்னும் எத்தனை நாள் அப்பாவ தையல் மெஷின்ல உக்கார வைக்கப் போறீங்க ப்ரோ"ன்னு கேப்பாங்க.

இது நம்ம ஊர் கண்டுபிடிப்புன்னு நினைச்சிருந்தேன், அப்புறம் தான் படிச்சேன், அமெரிக்கால 2012-ல செனட் கமிட்டி லாபத்துக்கு நடத்துற காலேஜுங்கள பத்தி ஒரு பெரிய ரிப்போர்ட் வெளியிட்டாங்க, அதுல ஐடிடி டெக்னு ஒரு காலேஜ் செயின் தன்னோட அட்மிஷன் ஆளுங்களுக்கு குடுத்த பயிற்சி பேப்பர் வெளிய வந்துச்சு. பேரே "பெயின் ஃபனல்", வலிப் புனல்னு அர்த்தம். மேலோட்டமா ஆரம்பிச்சு, எதிர்ல இருக்கவங்களுக்கு எங்க வலிக்குதோ அங்க வரைக்கும் ஒவ்வொரு கேள்வியா உள்ள இறங்கறது. அந்த செயின் 2016 செப்டம்பர்ல இழுத்து மூடிட்டாங்க. எங்களுக்கு அப்படி பேப்பர்லாம் குடுக்கல, சீனியர் அக்கா பக்கத்துல உக்காந்து கேட்டு கத்துக்கிட்டது, ஆனா கேள்வி எல்லாம் அச்சு அசல் அதேதான்.

அதனால வீட்டு நிலவரத்த வாசல்லயே விட்டுட்டு உள்ள போங்க. "அப்பா என்ன பண்றாரு"ன்னா "கோர்ஸ் பத்தி பேசலாம் மேம்". "எவ்ளோ பட்ஜெட்"னா "ஃபீஸ் எவ்ளோன்னு நீங்க சொல்லுங்க". கொஞ்சம் திமிரா இருக்க மாதிரி தோணும், பரவால்ல, நாங்க திமிர் பிடிச்சவங்ககிட்ட தான் சீக்கிரம் விட்டுட்டு அடுத்த லீடுக்கு, அதாவது ஷீட்ல இருக்க அடுத்த ஆளுக்கு, போவோம்.

ரூமுக்குள்ள என்ன நடக்கும்னா, ஒரு வெள்ளை பேப்பர்ல 45,000ன்னு எழுதுவேன். அந்த ரேட்ல யாரும் கட்டினதே இல்ல, ஆனா எழுதி உங்க கண்ணு முன்னாடி பேனாவால அடிச்சா தான் 28,000 சலுகையா தெரியும். பேரு ஸ்காலர்ஷிப்புன்னு வச்சுக்குவோம். நீங்க யோசிச்சீங்கன்னா "இருங்க, மேனேஜர்கிட்ட பேசி பார்க்கறேன்"னு உள்ள போவேன், உள்ள போய் "சார் டீ சொல்லட்டுமா"ன்னு கேட்டுட்டு மூணு நிமிஷம் ஏசில நின்னுட்டு, முகத்த கொஞ்சம் சீரியஸா வச்சுக்கிட்டு வருவேன். "சார் ஓகே சொல்லிட்டாரு, ஆனா இன்னைக்கு சிஸ்டம்ல என்ட்ரி போட்டா தான்." ரெண்டு சீட் தான் பாக்கின்னு சொல்றதும் அப்படித்தான், எல்லா திங்கக்கிழமையும் புது பேட்ச், எல்லா வெள்ளிக்கிழமையும் கடைசி ரெண்டு சீட். அப்புறம் பில் போடும்போது 28,000 மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி வரும், 33,040 ஆயிடும், அதை முதல்லயே யாரும் சொல்ல மாட்டாங்க, நீங்கதான் "எல்லாம் சேர்த்து கையில இருந்து எவ்ளோ"ன்னு கேக்கணும்.

"சரி, இப்போதைக்கு 2,000 மட்டும் டோக்கன் போட்டுட்டு போங்க"ன்னு கேக்கும்போது தான் நிறைய பேர் விழுவாங்க, ரெண்டாயிரம் தானேன்னு. ஆனா ரெண்டாயிரம் கட்டினவங்க அத விட மனசில்லாம திரும்ப வந்துடுவாங்க, அதுக்குத்தான் வாங்கறதே. ஒரு ரூபாய் கூட அன்னைக்கு குடுக்காதீங்க. இதுக்கு சுலபமான வழி, போகும்போது ஜிபே இருக்க போன எடுத்துட்டு போனாலும் ஏடிஎம் கார்டயும் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டயும் வீட்டுலயே வச்சுட்டு, "அக்கா தான் பணம் கட்டுவாங்க, அவங்க ஊர்ல இல்ல"ன்னு ஒரு பொய்ய ரெடியா வச்சுக்கோங்க. அக்கா நம்பர் கேப்பாங்க, குடுக்காதீங்க. பத்தாவது பன்னெண்டாவது மார்க்‌ஷீட் ஒரிஜினல வெரிஃபிகேஷனுக்குன்னு வாங்கி வச்சுக்கிட்டு ஃபீஸ் முடியற வரைக்கும் தராத இடம் இருக்கு, ஜெராக்ஸ் போதும்.

லோன் விஷயத்த நிதானமா படிங்க. "நோ காஸ்ட் இஎம்ஐ, மாசம் 5,000 தான், 12 மாசம், வேலைக்கு போய் கட்டிக்கலாம்"னு சொல்லி உங்க ஆதார், பான் கேட்டு, ஓடிபி வரும், சொல்லுங்கன்னு அவங்க மொபைல்லயே முடிச்சிடுவாங்க. இன்ஸ்டால்மென்ட்னு தான் வாயில வரும், லோன்ங்கிற வார்த்தையே வராது. நடக்கறது என்னன்னா ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி உங்க பேர்ல 60,000 கடன் போட்டு, வட்டிக்கு ஈடா கொஞ்சம் புடிச்சுக்கிட்டு மீதிய மொத்தமா இன்ஸ்டிட்யூட்டுக்கு அனுப்பிடும். அவங்களுக்கு முதல் வாரமே பணம் வந்தாச்சு, அப்புறம் நீங்க கிளாஸுக்கு வந்தா என்ன வரலன்னா என்ன. இன்ஸ்டிட்யூட் மூடிட்டு போனாலும் உங்க அக்கவுண்ட்ல இருந்து ஆட்டோ டெபிட் போய்க்கிட்டே இருக்கும், பேலன்ஸ் இல்லன்னா பவுன்ஸ் சார்ஜ், சிபில் ஸ்கோர், அதாவது கடன ஒழுங்கா கட்டுறீங்களான்னு காட்டற மார்க், அடி வாங்கும். 2023-ல பெங்களூர்ல ஒரு டேட்டா சயின்ஸ் இன்ஸ்டிட்யூட்ல இதே கதை நடந்து போலீஸ் கேஸ் ஆச்சு, "இஎம்ஐ நாங்களே பார்த்துக்கறோம்"னு சொல்லி பசங்க பேர்ல லோன் எடுத்தாங்க, கடைசில ஃபைனான்ஸ்காரங்க பசங்ககிட்ட தான் பணம் கேட்டாங்க.

லோன் தான் எடுக்கணும்னா, ஓடிபி சொல்றதுக்கு முன்னாடி கேஎஃப்எஸ் பேப்பர் கேளுங்க, அதாவது வட்டி, சார்ஜ் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு எத்தனை சதவீதம்னு ஒரே பக்கத்துல எழுதியிருக்கற பேப்பர், ரிசர்வ் பேங்க் ரூல்படி குடுத்தே ஆகணும். அதுலயே கூலிங் ஆஃப்னு சில நாள் போட்டிருக்கும், 2025 ரூல்ல குறைஞ்சது ஒரு நாள். அந்த நாளுக்குள்ள வேண்டாம்னா அசலும் அந்த நாளுக்கான வட்டியும் கட்டி அபராதம் இல்லாம வெளிய வந்துடலாம், ப்ராசஸிங் ஃபீஸ் மட்டும் சில சமயம் போகும். இதுல ஒரு சிக்கல், பணம் ஏற்கனவே இன்ஸ்டிட்யூட் கைக்கு போயிருக்கும், அசல புரட்டி கட்டணும் இல்ல அவங்கள திருப்ப வைக்கணும், அதனால அன்னைக்கே ரெண்டு பேருக்கும் மெயில் போடறது முக்கியம்.

அடுத்தது அக்ரிமென்ட். "நூறு சதவீதம் ப்ளேஸ்மென்ட்"னு போர்டுல இருக்கும், பேப்பர்ல "ப்ளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ்"னு மாறியிருக்கும். எங்க அக்ரிமென்ட்ல அசிஸ்டன்ஸ்னா மூணு இன்டர்வியூ லிங்க் அனுப்பறது, அவ்ளோதான். அட்டெண்டன்ஸ் ஒரு நாள் குறைஞ்சா கிடையாது, ஹைதராபாத்ல மாசம் 10,000 சம்பளம்னாலும் வேண்டாம்னு சொன்னா கிடையாது, கட்டின பணம் எந்த காரணத்துக்கும் திருப்பித் தரப்படாது. இதை நான் சேர்ந்து நாலு மாசம் கழிச்சு தான் முழுசா படிச்சேன், படிச்சதுக்கப்புறமும் நாலு மாசம் அங்கதான் இருந்தேன், அது வேற கதை. வீட்டுக்கு எடுத்துட்டு போய் படிக்கறேன், ஒரு காப்பி குடுங்கன்னு கேளுங்க. பணம் கட்டினதுக்கப்புறம் தான் காட்டுவோம்னா பேச்ச முடிச்சுக்கலாம்.

சுவத்துல மாட்டியிருக்க ஐஎஸ்ஓ, எம்எஸ்எம்இ (சிறு தொழில் பதிவு) சர்டிஃபிகேட்டுக்கெல்லாம் மயங்காதீங்க. எம்எஸ்எம்இ ரெஜிஸ்ட்ரேஷன் ஆன்லைன்ல ஃப்ரீயா யாரும் எடுக்கலாம், மாவு மில்லும் எடுக்கலாம். டெமோ கிளாஸும் அப்படித்தான், டெமோ எடுக்கறவர் வேற, பேட்ச் எடுக்கறவர் வேற, எங்ககிட்ட போன பேட்ச்ல படிச்சு வேலை கிடைக்காத பையனே அடுத்த பேட்ச்சுக்கு ட்ரெய்னர் ஆனான், அவனும் ப்ளேஸ்மென்ட் கணக்குல ஒருத்தன். நீங்க பண்ண வேண்டியது, சாயங்காலம் பேட்ச் விடற நேரத்துல கீழ இருக்க டீக்கடைல போய் நில்லுங்க. இறங்கி வர்ற பசங்கள்ல ரெண்டு பேர்கிட்ட "எத்தனை மாசமாச்சு, ட்ரெய்னர் மாறினாங்களா, உங்க பேட்ச்ல எத்தனை பேர் போயிருக்காங்க"ன்னு கேட்டா ஒரு டீ செலவுல எல்லாம் தெரிஞ்சிடும். கூகுள் ரிவ்யூல புதுசு முதல்லன்னு மாத்தி ஒரு ஸ்டார் போட்டத மட்டும் படிங்க. பில்லுல இருக்க ஜிஎஸ்டி நம்பர ஜிஎஸ்டி போர்ட்டல்ல தட்டினா போர்டுல இருக்க பேருக்கு பின்னாடி யார் பேர்ல கம்பெனி ஓடுதுன்னு வரும். சும்மா அந்த சப்ஜெக்ட் நமக்கு ஒத்து வருதான்னு பார்க்கணும்னா என்பிடெல் இருக்கு, ஐஐடிங்க சேர்ந்து நடத்துற ஆன்லைன் கோர்ஸ், வீடியோ ஃப்ரீ, பரீட்சை எழுதினா தான் பணம். காலேஜ்ல இருக்கவங்களுக்கு தமிழ்நாடு அரசோட "நான் முதல்வன்" திறன் பயிற்சி திட்டம் இருக்கு. ரெண்டு வாரம் அதுல ஓட்டிட்டு அப்புறம் 30,000 பத்தி யோசிக்கலாம்.

ஏற்கனவே கட்டிட்டீங்கன்னா, முதல்ல போன்ல சண்டை போடறத நிறுத்துங்க. எதுக்கு சேர்ந்தீங்க, யார் என்ன சொன்னாங்க, எப்ப வேண்டாம்னு முடிவு பண்ணீங்க, எவ்ளோ திரும்பி வேணும்னு மெயில்ல எழுதுங்க, வாட்ஸ்அப் சாட், போஸ்டர், பில் எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க, அவங்க குரூப்ல இருந்து தூக்கறதுக்கு முன்னாடி. அப்புறம் 1915, தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன். கோச்சிங் விளம்பரங்களுக்கு 2024 நவம்பர்ல சிசிபிஏ, அதாவது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், ஒரு வழிகாட்டுதல் போட்டிருக்காங்க, வேலை கேரண்டின்னு பொய்யா சொல்றது, சீட் குறைவுன்னு பொய்யா அவசரப்படுத்தறது ரெண்டும் அதுல தப்பு, கம்ப்ளைன்ட்ல இந்த ரெண்டையும் குறிப்பிட்டு எழுதுங்க. 1915-ல இருந்து அவங்களுக்கு ஒரு மெயில் போனாலே பாதி இடத்துல "வாங்க பேசலாம்"னு இறங்கி வருவாங்க. வரலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், இ-ஜாக்ரிதி போர்ட்டல்ல நீங்களே போடலாம், வக்கீல் கட்டாயம் இல்ல, நீங்க கட்டின பணம் 5 லட்சம் வரைக்கும்னா கேஸ் போட ஃபீஸ் கிடையாது, இன்ஸ்டிட்யூட் சென்னைல இருந்தாலும் நீங்க இருக்க மாவட்டத்துலயே போடலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். "கல்வி நிறுவனம் மேல கன்ஸ்யூமர் கேஸ் நிக்காது"ன்னு மிரட்டுவாங்க. காலேஜ், யுனிவர்சிட்டிக்கு கன்ஸ்யூமர் சட்டத்துல இருந்து விலக்குன்னு ஒரு வாதம் இருக்கு, ஆனா 2020 ஜனவரில விநாயகா மிஷன் யுனிவர்சிட்டி கேஸ்ல தேசிய நுகர்வோர் ஆணையமே கோச்சிங் சென்டர் அந்த விலக்குல வராதுன்னு சொல்லியிருக்கு.

லோன்னா ஃபைனான்ஸ் கம்பெனிக்கு தனியா எழுதுங்க, 30 நாள்ல பதில் இல்லன்னா ரிசர்வ் பேங்க் ஓம்புட்ஸ்மேன், அதாவது புகார் விசாரிக்கற அதிகாரி, 14448-ல கேட்டா எப்படி போடறதுன்னு சொல்லுவாங்க. கோவத்துல இஎம்ஐய மட்டும் திடீர்னு நிறுத்திடாதீங்க, சிபில் கெட்டு போறது உங்களுக்கு தான்.

நம்ம தம்பி விஷயத்துக்கு வர்றேன். அக்ரிமென்ட் காப்பி கேட்டிருக்கான், டோக்கன் போட்டா தரேன்னாங்களாம், அக்கா ஊர்ல இல்லன்னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டான். இன்னைக்குள்ளன்னு சொன்ன ஆஃபர் முடிஞ்சு அஞ்சு நாள் ஆச்சு, பதினோரு கால் வந்திருக்கு, 28,000ன்னு சொன்ன ஃபீஸ் நேத்து 19,000-க்கு வந்து நிக்குது.