ஓடையில் யுரேனியம் தேட மாதிரி எடுப்பது எப்படி

கீழ்ப்பக்கத்தில் தொடங்கி மேல்நோக்கி நடங்கள். முதலில் தண்ணீர், அப்புறம்தான் வண்டல். மாற்றிச் செய்தால் கலங்கல் நீர்தான் கிடைக்கும்.

தண்ணீரை 0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்டுங்கள். வடித்த நீரிலேயே மூன்று முறை அலசிய பாலித்தீன் புட்டியில் 100 மில்லி பிடியுங்கள். தூய நைட்ரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு பிஎச் (அமிலத்தன்மையின் அளவு) 2-க்குக் கீழே இறக்குங்கள். இல்லாவிட்டால் யுரேனியம் புட்டியின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். வடிகட்டும் முன்பே அமிலம் விட்டுவிடாதீர்கள்: மிதக்கும் மண்ணிலிருந்தும் யுரேனியம் கரைந்து அளவு பொய்யாக ஏறும். நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் உப்பை அமிலம் விடாத நீரில், ஓடைக்கரையிலேயே அளக்க வேண்டும். அது யுரேனியத்தைக் கரைசலிலேயே பிடித்து வைக்கும் என்பதால், அந்த எண் இல்லாமல் முடிவைப் படிக்கவே முடியாது.

வண்டலை ஐந்தாறு இடங்களில் அள்ளிக் கலந்து, உலர்த்தி, 150 மைக்ரான் சல்லடையில் சலியுங்கள். பித்தளைச் சல்லடை வேண்டாம், செம்பும் துத்தநாகமும் கலந்துவிடும். கறுத்து, இலைமக்கு வாசம் அடிக்கும் சேறு என்றால் கட்டாயம் குறித்து வையுங்கள். கரிமப்பொருள் யுரேனியத்தை உறிஞ்சித் தேக்கும், தாது இல்லாத இடத்திலும் உச்சம் காட்டும்.

அமெரிக்காவின் கொலராடோ பீடபூமி போன்ற வறண்ட நிலத்தில் ஆழ வேரோடும் ஜூனிபர் மரம் கைகொடுக்கும்: அடியிலுள்ள யுரேனியத்தை வேர் உறிஞ்சிக் கிளைக்குக் கொண்டுவரும், கிளையைச் சாம்பலாக்கி அதை அளக்கலாம். ஒரே இனம், ஒரே பருவம், ஒரே வயதுக் கிளைநுனி என்று பார்த்து எடுங்கள். தூசியைக் கழுவாமல் சாம்பலாக்காதீர்கள்.