உள்ளே வரும் உருவத்தோடு பேசிப் பார்க்க: புதியவர்களுக்கு ஒரு செய்முறை

தர்மபுரிப் பக்கத்து முனியப்பன் திருவிழாவில் அருள் வந்து ஆடியவரிடம், "என்ன சொன்னீங்க?" என்று பிறகு கேட்டால், பெரும்பாலும் "எனக்கு ஒண்ணும் தெரியாதே" என்பார். இங்கே சொல்லப்போவது அதற்கு நேர் எதிரான முறை. மனதுக்குள்ளே ஓர் உருவம் எழும், பேசும். நாமும் முழு நினைவோடு பதில் பேசவேண்டும். ஆக்டிவ் இமாஜினேஷன் என்று இதற்குப் பெயர்.

சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங், உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய சிக்மண்ட் பிராய்டோடு உறவு முறிந்தபின், 1913 கடைசியில் இதைத் தன்மீதே செய்து பார்த்தார். எலியா என்ற கிழவர், சலோமி என்ற பார்வையற்ற பெண், ஒரு கறுப்புப் பாம்பு என்று உள்ளே வந்தார்கள். பின்னாளில் மீன்கொத்திச் சிறகோடு பிலேமோன் என்ற பெரியவர் வந்தார். தோட்டத்தில் நடந்தபடியே அவரோடு பேசுவாராம். 1916-ல் முறையை விளக்கி ஒரு கட்டுரை எழுதினார். அது அச்சேற 1957 ஆகிவிட்டது.

முதலில் ஒரு தடை. காதில் குரல் கேட்கிறவர்கள், மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், தூக்கம் கெட்டுத் தவிப்பவர்கள் இதைத் தனியாகச் செய்யவேண்டாம். பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416.

1. ஒரு காட்சியைப் பிடியுங்கள். கதவைச் சாத்தி, நோட்டும் பேனாவும் எடுத்து உட்கார்ந்து கண்ணை மூடுங்கள். விடிகாலைக் கனவில் மிச்சமிருக்கும் ஒரு துண்டு போதும். கனவு இல்லையா? ஓசூர் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்த எரிச்சலே போதும். அதற்கு ஓர் உருவம் வரட்டும் என்று காத்திருங்கள். நீங்களாக ஓர் உருவத்தை உண்டாக்காதீர்கள்.

2. அசையும்வரை பாருங்கள். ஒகேனக்கல்லில் ஆளில்லாத பரிசல் ஒன்று தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அதையே பாருங்கள். சட்டென்று அது கோயிலாகி, கோயில் பஸ்ஸாகித் தாவினால் மறுபடி பரிசலுக்கே வாருங்கள்.

3. பேசுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். சினிமா மாதிரி பார்த்துவிட்டு எழுந்துவிடுவார்கள். பரிசலில் ஒருவர் வந்து உட்கார்ந்தால் கேளுங்கள்:

"யாருங்கண்ணா நீங்க?"
"ஏறு."
"எங்க போறோம்?"
"துடுப்பு உங்கிட்டதான இருக்கு, என்னைக் கேக்கற?"

நீங்கள் எதிர்பார்க்காத பதில் வந்தால் நல்ல அறிகுறி. நினைத்த பதிலே வந்துகொண்டிருந்தால் அது பகற்கனவு. நிஜத்தில் தண்ணீருக்குப் பயப்படுகிறவர் இங்கும் பயப்படவேண்டும். "ஏறமாட்டேன்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, காரணமும் சொல்லுங்கள். வந்தவர் எவ்வளவு பெரியவராகத் தெரிந்தாலும் அவர் பேச்சு குறி கேட்ட வாக்கு ஆகாது.

4. உடனே எழுதுங்கள். வரையத் தெரிந்தால் வரையுங்கள், களிமண்ணிலும் பிடிக்கலாம். யுங் அப்படி எழுதி வரைந்ததுதான் 2009-ல் வெளியான 'சிவப்புப் புத்தகம்'. காலண்டருக்குப் பின்னால் போடுகிற கனவுப் பலனைத் தேடிப் போகாதீர்கள். பென்னாகரத்து விவசாயிக்கும் ஐ.டி. ஊழியருக்கும் பாம்பு ஒரே பாம்பு இல்லை.

5. உயிரோடிருப்பவர்களை அழைக்காதீர்கள். மாமியாரையோ மேலாளரையோ உள்ளே கூப்பிட்டுச் சண்டை போடுவது கூடாது. யுங்கின் மாணவி மரி லூயிஸ் வான் ஃபிரான்ஸ் இதைக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

6. வெளியே வாருங்கள். அரைமணிக்கு மேல் வேண்டாம். "இன்னைக்கு இது போதும், நான் கிளம்பறேன்" என்று அந்த உருவத்திடம் சொல்லிவிட்டே கண்ணைத் திறங்கள். முகம் கழுவி, ஏதாவது சாப்பிட்டு, யாரோடாவது நாலு வார்த்தை பேசுங்கள். அதற்கு முன்னால் பைக் சாவியைத் தொடவேண்டாம்.