வணக்கம் பிறகு, பிஸ்கட் முதலில்: ஓட்டிசமுள்ள பிள்ளையைக் கேட்கப் பழக்குதல்

ஓட்டிசமுள்ள பிள்ளைக்கு ஆட்களோடு பழகச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினால், எங்கள் வீடுகளில் முதலில் வருவது "அன்ரிக்கு வணக்கம் சொல்லுங்கோ" தான். அதனால் அன்ரிக்குச் சந்தோஷம், பிள்ளைக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. தனக்கு வேண்டியதைக் கேட்பதிலிருந்து தொடங்குங்கள். கேட்டதும் பிஸ்கட் கைக்கு வரும்போதுதான், இன்னொரு ஆளிடம் போனால் காரியம் நடக்கும் என்பது பிள்ளைக்குப் பிடிபடுகிறது.

சொல் இன்னும் வராத, அல்லது உங்கள் கையைப் பிடித்து அலுமாரிவரை இழுத்துப் போகிற பிள்ளைக்குப் பட அட்டை பொருந்தும்: வேண்டிய சாமானின் படத்தை இன்னொருவர் கையில் கொடுத்துப் பிள்ளை கேட்கிறது. அமெரிக்காவின் டெலவெயாரில் 1985இல் அண்டி பொண்டியும் லோரி புரொஸ்டும் உருவாக்கிய 'பெக்ஸ்' (PECS) என்ற படப் பரிமாற்ற முறையின் ஆரம்பப் படிகளை ஒட்டியதுதான் இது. அட்டை கொடுத்தால் பேச்சு வராமற் போய்விடும் என்று அம்மம்மாமார் மட்டுமல்ல, சில ஆசிரியர்களும் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை. சில பிள்ளைகளுக்கு அட்டையோடு சேர்ந்தே சொல்லும் வரத் தொடங்குகிறது.

முதலில் பிள்ளைக்கு உண்மையில் எது வேண்டும் என்று பாருங்கள். ஐந்தாறு சாமான்களை இரண்டிரண்டாக நீட்டி, எதற்குக் கை முதலில் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சிறு துண்டாகக் கொடுக்கக்கூடியது நல்லது. மேரி பிஸ்கட்டை முழுதாகக் கொடுத்தால் ஒரு தடவை கேட்பதோடு சரி. ஆறாக உடைத்தால் ஆறு தடவை கேட்க வைக்கலாம். வயிறு நிறைந்த பிள்ளை கேட்காது, ஆகவே சாப்பாட்டுக்குப் பிறகு வேண்டாம்.

அந்தச் சாமானை வெள்ளைத் துணியில் வைத்துப் போட்டோ எடுத்து, 5 சென்ரிமீற்றர் சதுரமாக அச்சிட்டு, போட்டோகொப்பிக் கடையில் லமினேட் செய்யுங்கள். வெறும் கடதாசி கொழும்பு வெக்கைக்கும் பிள்ளையின் எச்சிலுக்கும் தாங்காது. பின்பக்கம் ஒரு துண்டு வெல்க்ரோ ஒட்டுங்கள். புறக்கோட்டைத் தையல் சாமான் கடைகளில் மீற்றர் கணக்கில் வாங்கலாம். எல்லா அட்டைக்கும் வெல்க்ரோவின் ஒரே பக்கத்தை ஒட்டாவிட்டால், அட்டைகளை ஒட்டிவைக்கும் பலகையில் பாதி ஒட்டும், பாதி விழும்.

பழக்குவதற்கு இரண்டு பெரியவர்கள் வேண்டும். ஒருவர் பிள்ளைக்கு முன்னால், பிஸ்கட் துண்டோடு. மற்றவர் பின்னால். அட்டை கைக்கு வரும்வரை இருவரும் வாய் திறக்கக் கூடாது. பிள்ளையின் கை பிஸ்கட்டுக்கு நீளும். அப்போது பின்னால் இருப்பவர் அந்தக் கையை அட்டைக்குக் கொண்டுபோய், எடுக்க வைத்து, முன்னால் இருப்பவரின் விரித்த கையில் போட வைக்கிறார். அட்டை கையில் பட்ட அந்த நொடியே "பிஸ்கட்!" என்று சொல்லித் துண்டைக் கொடுத்துவிட வேண்டும். பிறகு உதவியைக் கடைசியிலிருந்து குறையுங்கள்: முதலில் அட்டையைப் போடுவதற்கான உதவி, அடுத்து கையை நீட்டுவதற்கானது, கடைசியாக அட்டையை எடுப்பதற்கானது. ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போதும். முகத்தைத் திருப்பினால் அதற்கு முன்பே நிறுத்துங்கள்.

அதிகமாகக் கெட்டுப்போவது "என்ன வேணும்?" என்ற கேள்வியால்தான். ஒவ்வொரு தடவையும் கேட்டால், கேள்வி வரும்வரை காத்திருக்கவே பிள்ளை பழகும்; கேட்க ஆளில்லாத இடத்தில் பேசாமல் நிற்கும். அதேபோல, கை நீள முன்பே பின்னால் இருப்பவர் கையைப் பிடித்தால், அது பிள்ளையின் கேட்டல் அல்ல, உங்கள் கேட்டல். கண்ணைப் பார்க்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம்; அட்டை உங்கள் கைக்கு வந்தால் சரி. பழகிய பிறகும் பலகை பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கட்டும். பிரிட்ஜுக்கு மேல் தூக்கி வைப்பது வாயைப் பொத்துவது மாதிரி.

அம்மாவிடம் மட்டும் கொடுக்கிற பிள்ளை அம்மாவிடம் மட்டும்தான் கேட்கும். அப்பா, அம்மம்மா, அக்கா என்று ஆளை மாற்றுங்கள். ஒரு அடி, இரண்டு அடி, அடுத்த அறை என்று தூரத்தையும் கூட்டுங்கள். அதன் பிறகுதான் இரண்டாவது அட்டை. பிஸ்கட் அட்டைக்குப் பக்கத்தில் பிடிக்காத ஒன்றின், ஒரு காலுறையின், அட்டையை வையுங்கள். காலுறை அட்டையைத் தந்தால் காலுறையையே கொடுங்கள். ஏச்சு வேண்டாம். பிஸ்கட் அட்டையைக் காட்டி மறுபடி கேட்க வையுங்கள்.

சொல் வரத் தொடங்கிய பிள்ளைகளில் ஒரு சிக்கல் உண்டு. "தம்பிக்குப் பிஸ்கட் வேணுமா?" என்று நாங்கள் கேட்டுக்கேட்டு, பிள்ளையும் பிஸ்கட் கேட்க "வேணுமா?" என்றே சொல்லும். இது குறும்பு அல்ல, கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வது. பிள்ளை சொல்லவேண்டிய வடிவத்தையே நீங்கள் சொல்லுங்கள்: "பிஸ்கட் தாங்கோ." சொல்லிவிட்டு 5 செக்கன் பேசாமல் இருங்கள். அந்த 5 செக்கன் பெரியவர்களுக்குத்தான் கஷ்டம்.

வீட்டில் தமிழ், தெருவில் சிங்களம், முன்பள்ளியில் ஆங்கிலம் என்பதால் பிள்ளை குழம்புகிறது, தமிழை விட்டுவிடுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். இரண்டு மொழி கேட்டு வளர்வது ஓட்டிசமுள்ள பிள்ளையின் பேச்சைக் கெடுப்பதில்லை. அட்டையில் படத்துக்குக் கீழே மூன்று மொழியிலும் சொல்லை எழுதிவிடுங்கள். ரீச்சருக்கும் கடைக்காரருக்கும் அது போதும்.

வீட்டில் சரிவந்த பிறகு, வெளியில் பழக, பாட்டுப் போட்டபடி பாணும் பணிஸும் விற்று வரும் சூன் பாண் ஓட்டோ நல்ல இடம். தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஒரே ஆள், கண்ணாடிக்குப் பின்னால் சாமான் தெரிய வருகிறார். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: கையை விரித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும், அட்டை வந்த பிறகே பணிஸ் கொடுக்க வேண்டும். பாவம் பார்த்து முதலே நீட்டிவிடுவார்கள். பாட்டுச் சத்தத்துக்குப் பிள்ளை காதைப் பொத்தினால் நிறுத்தச் சொல்லுங்கள். நீங்கள் பிள்ளைக்குப் பின்னால் நில்லுங்கள், வாயை மூடிக்கொண்டு.

இதையெல்லாம் பேச்சுச் சிகிச்சையாளரின் வழிகாட்டலோடு செய்வது நல்லது. அரச சேவைக்குப் பொறளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் விசாரிக்கலாம். தமிழ் பேசுகிறவர் கிடைக்காவிட்டாலும் பின்வாங்க வேண்டாம், கை பிடிக்கும் முறைக்கு மொழி தேவையில்லை. போகும்போது, பிள்ளை தனக்கு ஒன்று வேண்டும் என்றால் வீட்டில் என்ன செய்கிறது என்பதைப் போனில் இரண்டு நிமிட வீடியோவாக எடுத்துப் போங்கள். புது அறையில் பெரும்பாலான பிள்ளைகள் எதையும் கேட்டுக் காட்டுவதில்லை.