காலி வண்டியை மலையேற்றாதீர்கள்: நீலகிரி வியாபாரிகளுக்கான பசுமைச் சரக்குப் போக்குவரத்து

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குத் தூரம் 50 கிலோமீட்டர் சொச்சம்தான். உயரமோ சுமார் 1,900 மீட்டர் கூடுகிறது. ஒரு டன் எடையை அவ்வளவு உயரம் தூக்க மட்டுமே ஏறத்தாழ 1.7 லிட்டர் டீசல் எரியும். அந்த ஒரு டன் சரக்கானால் சரி. காய்கறியை மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்கிவிட்டுத் திரும்பும் காலி வண்டியின் எடையானால் அத்தனையும் வீண். கைவைக்க வேண்டிய முதல் இடம் இதுதான். புது வண்டி வாங்குவதெல்லாம் பிறகு.

படி 1: கணக்கு

இரண்டு வாரத்துக்கு ஒவ்வொரு நடைக்கும் ஏற்றிய கிலோவையும் போட்ட டீசலையும் நோட்டில் எழுதுங்கள். எப்போதும் ஒரே பங்க்கில், நாசில் முதல்முறை தானாக நிற்கும்வரை டேங்கை நிரப்புங்கள். இறங்கி ஏறிய முழு நடைக்கே கணக்கு. இறக்கத்தில் மட்டும் பார்க்கும் மைலேஜ் ஏமாற்றும். மொத்த லிட்டரை மொத்த டன்னால் வகுங்கள். அந்த எண் குறைய வேண்டும். ஒரு லிட்டர் மிச்சமானால் 2.7 கிலோ அளவுக்குக் கரியமில வாயு குறையும்.

படி 2: ஏறும்போது லோடு

கேரட் வண்டி காலியாக ஏறுகிறது, மளிகை வண்டி காலியாக இறங்குகிறது. இருவரும் பேசிவைத்தால் ஒரு வண்டி போதும். இது பெரும்பாலும் நேரத்தில்தான் முறியும்: காய்கறி விடியலில் இறங்கிவிடும், மொத்தக் கடை திறக்கவோ நேரமாகும். டிரைவர் காத்திருக்க மாட்டார். எனவே மளிகைச் சரக்கை முந்தின மாலையே மண்டிக்கு அருகில் எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

அடுத்த சிக்கல் ஈரம். கழுவிய கேரட்டின் தண்ணீர் வண்டித் தளத்தில் தேங்கி, மலைக்கு ஏற்றும் மைதா மூட்டையை நனைத்துவிடும். துடைத்து, மரச்சட்டம் போட்டு, அதன்மேல் அடுக்குங்கள். உரமோ பூச்சிமருந்தோ உணவுப் பொருளோடு சேரவே கூடாது. உரம் ஏற்றிய தளத்தைக் கழுவிக் காயவிட்ட பிறகே காய்கறி. சரக்கு யாருடையதோ அவர் பெயரில் தனி பில் வண்டியில் இருக்கட்டும்.

படி 3: சாக்குக்குப் பதில் கிரேட் (பிளாஸ்டிக் பெட்டி)

சாக்கில் அடிக்காய் நசுங்கும். அழுகும் காய்க்கும் டீசல் செலவாகியிருக்கிறது. காலியானதும் ஒன்றுக்குள் ஒன்று இறங்கும் கிரேட்டையே வாங்குங்கள். நேர்ச்சுவர் கிரேட் காலியாக இருந்தாலும் அதே இடத்தை அடைத்து, மளிகைக்கு இடமில்லாமல் செய்துவிடும். நடைக்கு 50 தேவையென்றால் 150 வேண்டும்: தோட்டத்தில் ஒரு பங்கு, வண்டியில் ஒன்று, மண்டியில் ஒன்று. முன்பணம் வாங்காமல் கொடுத்தால் திரும்பி வராது.

படி 4: இறக்கம்

நியூட்ரலில் இறக்கினால் டீசல் மிச்சம் என்பது தவறு. இப்போதைய டீசல் என்ஜின்களில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை விட்டால் டீசல் பாய்வது நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு, அதாவது என்ஜின் அணையாமல் ஓட, எரிந்துகொண்டே இருக்கும். அதைவிட முக்கியம் உயிர்: முழு எடையும் பிரேக்கில் விழுந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

மின்சார வண்டி வாங்குவதானால், மலைமேல் அதை முழுசாக சார்ஜ் செய்யாதீர்கள். நிறைந்த பேட்டரியால், இறக்கத்தில் வேகத்தைக் குறைக்கும்போது மோட்டார் திருப்பித் தரும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள முடியாது. பிரேக் பிடிப்பதில் மோட்டாரின் உதவியும் குறையும். 80 சதவீதத்தோடு கிளம்புங்கள்.