அறுபதுக்கு மேல் ஏரோபிக் பயிற்சி: அடிக்கடி நடக்கும் தவறுகள்

வயதானவர்கள் நடைப்பயிற்சி, சைக்கிள், நீச்சல் என்று இறங்கும்போது செய்யும் தவறுகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இரண்டு நினைப்புகள் இருக்கும். ஒன்று, "இனிமேல் இந்த உடம்பு எங்கே பழகப்போகிறது?" இன்னொன்று, "இருபது வயதில் பழகிய மாதிரியே பழகிவிடும்." உண்மையில் வயதான உடம்பும் நன்றாகவே பழகும், பழகும் வழிதான் கொஞ்சம் வேறு.

இதை ஒரே ஆட்களிடம் முப்பது ஆண்டு இடைவெளியில் பார்த்தது டல்லாஸ் ஆய்வு. 1966-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், ஆரோக்கியமான 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கவைத்தார்கள். முழு மூச்சாக உழைக்கும்போது உடல் நிமிடத்துக்கு எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்பதுதான் ஏரோபிக் திறனின் அளவு. மூன்றே வாரத்தில் அது சராசரியாக 27 சதவீதம் சரிந்தது. 1996-இல் அதே ஐந்து பேரையும் கூப்பிட்டு மறுபடி அளந்தார்கள். சராசரி எடை 77 கிலோவிலிருந்து 100 கிலோவாகியிருந்தது. அப்படியிருந்தும், இருபது வயதில் படுக்கைக்குப் போகும் முன் இருந்த திறனில் 11 சதவீதம்தான் குறைந்திருந்தது. மூன்று வாரம் படுத்துக் கிடந்ததில் போனது, முப்பது வருடம் வயதானதில் போனதைவிட அதிகம்!

அதனால் பெரிய தவறு என்று நான் முதலில் சொல்வது, பயிற்சியை அடியோடு நிறுத்திவிடுவதைத்தான். காய்ச்சல், முட்டிவலி, பேத்தி கல்யாணம் என்று காரணத்துக்குப் பஞ்சமிருக்காது. முட்டி வலித்தால் நடைக்குப் பதில் சைக்கிளோ நீச்சலோ ஆகுமா என்று கேளுங்கள். கல்யாண வேலையாக இருந்தால் பத்து நிமிடமாவது நடங்கள். காய்ச்சலில் ஓய்வு எடுக்கத்தான் வேண்டும். ஆனால் எழுந்த மறுநாளே பழைய வேகத்தைப் பிடிக்கப் பார்ப்பது அடுத்த தவறு. பாதி நேரத்தில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள்.

டல்லாஸ் கதை அதோடு முடியவில்லை. ஐம்பது வயதான அந்த ஐவருக்கும் ஆறு மாதம் படிப்படியாக நடை, மெல்லோட்டம், சைக்கிள் பயிற்சி கொடுத்தார்கள். முப்பது வருடத்தில் இழந்தது முழுக்கத் திரும்பிவந்தது. ஆனால் 1966-இல் படுக்கையிலிருந்து எழுந்தபின் கொடுத்த பயிற்சியில் எட்டிய உச்சத்தை ஒருவர்கூட மறுபடி தொடவில்லை. இந்த முறை முன்னேற்றம் வந்த இடமும் வேறு. இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் உச்ச அளவு பெரிதாகக் கூடவில்லை. வந்த ரத்தத்திலிருந்து கால் தசைகள் ஆக்சிஜனை இன்னும் நன்றாக உறிஞ்சக் கற்றுக்கொண்டன.

இதயத்தையும் மாற்ற வேண்டுமென்றால் சீக்கிரம் தொடங்குவது நல்லது. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், உட்கார்ந்தே பழகிய 45 முதல் 64 வயதுக்காரர்கள் இரண்டு ஆண்டு பயிற்சி செய்ததில் திறன் 18 சதவீதம் கூடியது. இதயத் தசையின் விறைப்பும் குறைந்தது. வேறோர் ஆய்வில், 65-க்கு மேல் தொடங்கி ஓராண்டு பயிற்சி செய்தவர்களுக்கு அந்த விறைப்பு குறையவில்லை, உழைக்கும் திறன் மட்டும் கூடியது. அதுவே மாடிப்படி ஏறுவதற்குப் பெரிய உதவி.

அடுத்து, உச்ச நாடித்துடிப்பைக் கணிக்க 220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு. ட்ரெட்மில்லில் ஒட்டியிருக்கும் அட்டவணை முதல் கையில் கட்டும் ஸ்மார்ட்வாட்ச் வரை இது பரவியிருக்கிறது. வயதாக ஆக உச்ச நாடித்துடிப்பு குறையும் என்பது சரிதான். எவ்வளவு பயிற்சி செய்தாலும் அது பழைய எண்ணுக்கு ஏறாது. ஆனால் இந்தச் சூத்திரம் வெறும் தோராயம். 65 வயதுக்கு 155 என்று வரும். 2001-இல் வந்த இன்னொரு சூத்திரம் (208-இலிருந்து வயதில் 0.7 பங்கைக் கழிப்பது) ஏறக்குறைய 162 என்கிறது. நிஜத்தில் ஆளுக்கு ஆள் பத்து, பதினைந்து துடிப்பு சாதாரணமாக மாறும். பிரஷருக்கோ இதயத்துக்கோ மெட்டோபுரோலால், அட்டெனலால் மாதிரி பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவருக்கு இரண்டு கணக்குமே உதவாது. மாத்திரையே துடிப்பை அடக்கிவைத்திருக்கும். "எண் வரவில்லையே" என்று அவர் வேகத்தைக் கூட்டுவது ஆபத்து. மூச்சைக் கவனிப்பதே மேல்: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

இதே அளவுகோலில், பூங்காவில் நாலு பேர் பென்ஷன் அரியரைப் பற்றிப் பேசிக்கொண்டே போகும் நடை தேறாது. சும்மா இருப்பதற்கு அது எவ்வளவோ மேல், மனசுக்கும் நல்லது. ஆனால் வருடக்கணக்கில் ஒரே வேகம், ஒரே தூரம் என்றால் உடம்பு பழகியதோடு நின்றுவிடும். பிரான்சின் ரொபேர் மார்ஷான் நூறு வயதைத் தாண்டியபின் ஒரு மணி நேரத்தில் 24.25 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டினார். இரண்டு ஆண்டு கழித்து 26.92. இடையில் செய்த பயிற்சியில் சுமார் 80 சதவீதம் இலகுவானது, மீதி கடினமானது. அந்த மீதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வாரத்தில் ஓரிரு நாள், இரண்டு நிமிடம் வேகம், இரண்டு நிமிடம் மெதுவாக என்று சேர்த்துக்கொண்டால் போதும். இதய நோய், சர்க்கரை இருப்பவர்கள் மட்டும் முதலில் டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரரோடு ஒப்பிடவும் வேண்டாம். 60 முதல் 71 வயதுக்காரர்களிடம் ஓராண்டுவரை நடந்த ஓர் ஆய்வில் முன்னேற்றம் சராசரி 24 சதவீதம். ஆனால் ஒருவருக்குப் பூஜ்யம், இன்னொருவருக்கு 58.

நடை மட்டும் போதும் என்று தசைப்பயிற்சியை விடுவதும் தவறுதான். ஆக்சிஜனை எடுப்பதே தசை என்னும்போது, வயதோடு தசை கரைவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது என்று வாரம் இரண்டு நாள் செய்யலாம்.

அப்புறம், தொடக்கமும் முடிவும். வயதானவர்களின் உடல் வேகம் பிடிக்க நேரம் எடுக்கும். முதல் பத்து நிமிடம் மெதுவாகவே போகட்டும். முடிக்கும்போது சட்டென்று நின்றால் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றலாம். நெஞ்சில் அழுத்தமோ மயக்கமோ வந்தால் அன்றைய பயிற்சி அதோடு சரி, நேராக ஆஸ்பத்திரி.

வெயிலில் கூடுதல் கவனம் வேண்டும். வயதானால் வியர்ப்பது குறைகிறது, தாகமும் மந்தமாகிறது. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காமல் கிளம்பும் முன்பே தண்ணீர் குடியுங்கள். இதயச் செயலிழப்பு, சிறுநீரகக் கோளாறு என்று தண்ணீரை அளந்து குடிப்பவர்கள், பயிற்சி நாளில் எவ்வளவு கூடுதலாகக் குடிக்கலாம் என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.