டி1, டி2 அளவிடும் எம்.ஆர்.ஐ. சீக்வென்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாதாரண எம்.ஆர்.ஐ. படத்தில் ஒரு திசு மற்றொன்றிலிருந்து பிரிந்து தெரிந்தால் போதும், அளவீட்டு எம்.ஆர்.ஐ.யிலோ ஒவ்வொரு வோக்சலின் (படத்தின் முப்பரிமாணப் புள்ளியின்) டி1, டி2 தளர்வு நேரமும் (துடிப்பால் கலைந்த காந்தமாக்கம் மீளும் நேரம் டி1, சமிக்ஞை மங்கும் நேரம் டி2) மில்லிநொடிக் கணக்கில் சரியாக வர வேண்டும். ஆகவே சிதறலை, அதாவது அளக்கும்தோறும் எண் மாறுவதை, குறைத்துவிட்டால் சீக்வென்ஸ் (ஸ்கேனர் துடிப்புகளை அனுப்பும் வரிசை) செம்மையாகிவிட்டது என்று எண்ணுவதே முதல் தவறு. சிதறல் குறைந்த வரைபடம் வழவழப்பாக இருக்கும். அதன் எண்கள் யாவும் ஒரே பக்கமாக 20 சதவீதம் பிறழ்ந்திருந்தாலும் அந்த வழவழப்பு குறையாது.

இரண்டு ஃபிளிப் கோணங்களில் (ரேடியோ துடிப்பு காந்தமாக்கத்தைச் சாய்க்கும் கோணங்களில்) எடுத்த கிரேடியன்ட் எக்கோ எனும் வேக வகைப் படங்களிலிருந்து டி1-ஐக் கணக்கிடும் முறையைப் பார்ப்போம். சமிக்ஞை உச்சம் பெறும் எர்ன்ஸ்ட் கோணத்துக்கு இருபுறமும், அந்த உச்சத்தில் ஏறத்தாழ 71 சதவீதம் கிடைக்கும் கோணங்களைத் தேர்ந்தால் சிதறல் மிகக் குறையும். டி.ஆர். (அடுத்தடுத்த துடிப்புகளுக்கு இடையிலான நேரம்) 15 மில்லிநொடி, டி1 1000 மில்லிநொடி என்றால் எர்ன்ஸ்ட் கோணம் சுமார் 10 பாகை; உகந்த இணை 4, 24 பாகை. ஆனால் டி1 4000 மில்லிநொடியை ஒட்டிய மூளைத் தண்டுவட நீருக்கு உகந்த இணை சுமார் 2, 12 பாகை. ஒரே டி1 மதிப்பை வைத்துக் கோணங்களை முடிவு செய்பவர், மற்ற திசுக்களில் சிதறலைத் தாமே வரவழைத்துக்கொள்கிறார்.

இதைவிடப் பெரிய தவறு, கன்சோலில் இட்ட கோணமே உடலுக்குள்ளும் கிடைக்கிறது என்று நம்புவது. 3 டெஸ்லாவில் தலையின் நடுப்பகுதியில் ரேடியோ அலைப் புலம் கூடியும் ஓரங்களில் குறைந்தும் இருக்கும். சிறு கோணங்களில் கணக்கிடப்படும் டி1 இந்தப் புலத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுவதால், புலம் 10 சதவீதம் குறைந்த இடத்தில் 1000 மில்லிநொடி 810 ஆகத் தெரியும். எத்தனை முறை சராசரி எடுத்தாலும் அந்த 190 திரும்பி வராது. ஆயினும் அந்தப் புலத்தை அளக்கும் பி1 வரைபடத்தை வெட்டி, மிஞ்சிய நிமிடங்களைச் சராசரிக்குக் கொடுக்கும் வழக்கம் ஓயவில்லை.

டி2 அளவீட்டில் அடுத்தடுத்து எடுக்கும் எக்கோக்களில் (மீண்டெழும் சமிக்ஞைகளில்) கடைசியானவை ஏமாற்றும். டி2 50 மில்லிநொடி, தொடக்கச் சமிக்ஞை இரைச்சலைப்போல் 50 மடங்கு என்று கொண்டால், 250 மில்லிநொடியில் மிஞ்சுவது இரைச்சலில் மூன்றில் ஒரு பங்குதான். சமிக்ஞையின் அளவை மட்டும் காட்டும் பருமப் படத்தில் எதிர்மதிப்பு கிடையாது என்பதால், சமிக்ஞையே இல்லாத இடத்திலும் சராசரி இரைச்சலின் 1.25 மடங்காக நிற்கும். எக்கோக்களுக்குப் பொருத்தும் வளைவு அதை மெய்யென்று எடுத்துக்கொண்டு டி2-ஐ நீட்டிவிடும். எக்கோவை எழுப்பும் 180 பாகைத் துடிப்புகள் குறைபட்டால் கூடுதலாக எழும் தூண்டிய எக்கோக்களும் அதே திசையில்தான் இழுக்கும். முதல் எக்கோவை நீக்குவது அரைகுறைத் தீர்வு. தூண்டிய எக்கோக்களையும் கணக்கில் கொள்ளும் மாதிரியைப் பொருத்துவதே முறை.

சீக்வென்ஸைச் சரிபார்க்கப் பயன்படும் ஃபாண்டத்தின் (டி1 தெரிந்த சோதனைப் பொருளின்) டி1 வெப்பநிலையோடு மாறும். அலமாரியிலிருந்து எடுத்த கையோடு அதை ஸ்கேனருக்குள் வைத்துவிட்டு, எண் ஒத்துவரவில்லையே என்று கோணங்களைத் திருத்திக்கொண்டிருந்த ஒரு பிற்பகல் எனக்கும் உண்டு. அதன்பின் ஸ்கேனுக்கு முன்னும் பின்னும் வெப்பமானியைப் பார்த்து எழுதிவைக்கிறேன்.